வீல் நட்டு அசையவே மாட்டேங்குது: மலையில் லாரி ஓட்டுறவங்க என்ன சாமான் வச்சிருக்கீங்க?

கேத்தி_கேரட் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேத்தி பாலாடாவில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், பீட்ரூட் ஏத்துறேன். ஆறு சக்கர வண்டி, சொந்த வண்டி, நானேதான் டிரைவர். திரும்பி வரும்போது உரமூட்டை, கோழி எரு, எது கிடைச்சாலும் ஏத்திட்டு வருவேன்.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரை இருக்கும். பர்லியாருக்கு ரெண்டு கொண்டை ஊசி மேலே, பின்பக்கம் இடது உள் டயர் இறங்கிடுச்சு. தூறல், பனி, முன்னால பத்தடி தெரியலை. கூட கிளீனர் தம்பி மட்டும். எட்டு நட்டில் ஆறு வந்துடுச்சு. ரெண்டு அசையலை. வீல் ஸ்பேனரில் மூணடி பைப்பைச் சொருகி ரெண்டு பேரும் தொங்கினோம். அப்புறம் நான் பைப் மேலே ஏறி நின்னு குதிச்சேன். மூணாவது குதியில் ஸ்பேனர் நழுவி, முழங்கால் ரிம்மில் மோதி வீங்கிடுச்சு. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா பள்ளம். யானை கடக்கிற இடம்னு தம்பி டார்ச்சைக் காட்டுப் பக்கமே அடிச்சுட்டு நின்னான், எனக்கு வெளிச்சம் காட்டக்கூட அவனுக்கு மனசு வரலை.

கடைசியில் மேலே ஏறி வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, கியர் ஸ்பேனர் ஒண்ணு எடுத்துக் கொடுத்தார். சின்னக் கைப்பிடியைச் சுத்தச் சுத்த, ரெண்டு நட்டும் பத்து நிமிஷத்தில் வந்துடுச்சு. பேர் கேட்கிறதுக்குள்ள கிளம்பிட்டார். இதைப் படிச்சா அவருக்கு என் நன்றி.

வீட்டுக்கு வந்ததும் மத்த சக்கரத்தையும் சோதிச்சேன். முன் வலது சக்கரத்தில் ரெண்டு நட்டு அதே மாதிரி இறுகிப் போயிருக்கு. வண்டி வாசலில் சமதளத்தில் நிக்குது, அவசரம் இல்லை. ரெண்டு மாசம் முன்னாடிதான் கீழே ஒரு டயர் கடையில் டயர் மாத்தி, காத்துல ஓடுற கன் வச்சு இறுக்கிக் கொடுத்தாங்க. ரெண்டே மாசத்தில் எப்படி இப்படி ஆகும்? எப்படிக் கழட்டுறது? இனிமே வண்டியில் என்ன வச்சுக்கணும்?

சேரம்பாடி_இலை | இரவு 9.58

பைப்பை அஞ்சடி ஆக்குங்க அண்ணா. மூணடி பத்தாது.

ஊட்டி_வெல்டர் | இரவு 10.15

கேஸ் வச்சு நட்டைச் சுத்தி ரெண்டு நிமிஷம் சூடு காட்டுங்க. சிவந்து வரும்போது ஸ்பேனர் போட்டா விரலால சுத்துற மாதிரி வரும். எத்தனையோ நட்டு இப்படி எடுத்திருக்கேன்.

குன்னூர்_பட்டறை | இரவு 10.22

கேத்தி தம்பி, மேலே வெல்டர் சொன்னதைச் செய்யாதீங்க. தயவுசெய்து செய்யாதீங்க. மத்த விஷயமெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம், இதை மட்டும் இப்பவே சொல்லிடணும்னுதான் கடையைச் சாத்திட்டு வந்து எழுதுறேன்.

டயர் மாட்டியிருக்கிற ரிம்மில் நெருப்பு வைக்கவே கூடாது. வெளியே நட்டு சிவக்கும்போது உள்ளே ரிம்மை ஒட்டியிருக்கிற ரப்பர் வெந்து ஆவி கிளம்பும். காத்தும் அந்த ஆவியும் கலந்து, சூடு ஏறி, டயர் வெடிக்கும். சாதாரணமா டயர் வெடிக்கிற மாதிரி இல்லை இது, ரிம் வளையமே பறக்கும். "காத்தை இறக்கிட்டுத்தானே சூடு காட்டுறேன்" என்பாங்க. காத்தை இறக்கினாலும் உள்ளே ஆவி சேரத்தான் செய்யும், தீப்பிடிக்கத்தான் செய்யும். சில சமயம் கேஸ் டார்ச்சை எடுத்து வச்ச பிறகு, கொஞ்ச நேரம் கழிச்சு வெடிக்கும். வெல்டிங் வைக்கிறதும் இதே கதைதான்: மழுங்கின நட்டு மேலே இன்னொரு நட்டை வெல்டு வைக்கிற வேலையை டயரோட செய்யக் கூடாது.

நான் வேலை கத்துக்கிட்ட பட்டறையில் என் கண்ணு முன்னாடி ஒண்ணு வெடிச்சது. ஆள் சக்கரத்துக்கு நேரா இல்லாம பக்கத்தில் குந்தியிருந்தார், அதனால் உயிர் தப்பிச்சார். கூரைத் தகரம் கிழிஞ்சு ஆகாசம் தெரிஞ்சது. அன்னிக்கு என் காதில் விழுந்த சத்தம் இன்னிக்கு வரைக்கும் போகலை.

இன்னொண்ணு. நட்டு ஏறுற மரைக் கம்பி, அதான் ஸ்டட், சும்மா இரும்புத் துண்டு இல்லை, பதம் போட்ட எஃகு. சிவக்கச் சிவக்கக் காய்ச்சினா பதம் போயிடும். நட்டு வரும், ஆனா அந்த ஸ்டட்டை நம்பி அடுத்த லோடு ஏத்த முடியாது.

பணிமனை_ஓய்வு | புதன், காலை 6.10

குன்னூர்க்காரர் சொன்னது அத்தனையும் சரி. நான் 31 வருடம் பேருந்துப் பணிமனையில் இருந்தவன். கேத்தி தம்பியின் முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறேன்.

பெரிய வண்டிகளில் 22 மி.மீ. ஸ்டட் இருக்கும். சக்கரத்தின் நடு மையமான ஹப்பின் மேல் ரிம் உட்காரும் வகைக்கு இறுக்க வேண்டிய திருகு பலம் (டார்க்) ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனி புத்தகத்தில் பாருங்கள், சிறிய ஸ்டட்டுக்குக் குறையும். இப்போது வீல் ஸ்பேனரின் கை ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் அதன் நுனியில் முழு எடையோடு நின்றால் கிடைப்பது 265 நியூட்டன் மீட்டர்தான். சரியாக இறுக்கிய நட்டையே அது கழற்றாது. கைப்பிடியும் பைப்புமாக நுனி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் 590. அப்போதுதான் கணக்கு சமமாகிறது. நட்டில் துருவும் சேர்ந்திருந்தால் அதைப்போல் இன்னொரு மடங்கு கேட்கும். குதித்தால் ஏன் சில சமயம் வருகிறது, ஏன் சில சமயம் வராமல் ஸ்பேனர் நழுவுகிறது என்பது இதிலேயே தெரியும்.

ரெண்டே மாதத்தில் எப்படி இறுகியது என்று கேட்டீர்கள். ரெண்டு மாதத்தில் இறுகவில்லை தம்பி, மாட்டிய அன்றே இறுகிவிட்டது. நட்டை இறுக்கக் கொடுக்கும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் ரிம்மைப் பிடிக்கும் வேலைக்குப் போகிறது. பாதி, நட்டின் முகம் ரிம்மில் உரசுவதில் போகிறது. மீதி மரையில் போகிறது. கன்னை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டட் நீண்டு, மரை கடித்துக்கொள்ளும். அப்புறம் வந்ததுதான் துரு.

மேட்டுப்பாளையம்_டயர் | காலை 7.45

நானும் டயர் கடைதான் வச்சிருக்கேன், அதனால் உள்ளதைச் சொல்லிடுறேன். சீசனில் வரிசை கட்டி வண்டி நிக்கும். பையன் கன்னை வச்சு "டர்ர்ர்" சத்தம் வந்த பிறகும் விடாம அழுத்துவான். இறுக்கமா இருந்தா கஸ்டமருக்குத் திருப்தி, கழண்டு விழுந்தா நம்ம தலைமேல வரும்னு பயம். ஒரு இஞ்ச் கன் 1,500 நியூட்டன் மீட்டருக்கு மேலேயே அடிக்கும். அதை மலைமேல மழையில் ஒன்றரை அடி ஸ்பேனரை வச்சுக் கழட்டப் போறவர் யாருன்னு கடையில் யாரும் நினைச்சுப் பாக்கிறதில்லை.

நீங்க கடைக்குப் போனா கேளுங்க: கன்னில் நட்டு உட்கார்ற வரைக்கும் மட்டும் ஓட்டுங்க, கடைசி இறுக்கம், அளவு பார்த்து இறுக்குற டார்க் ரென்ச்சில் கொடுங்கன்னு. கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. கேட்டா செய்யாத கடைக்குப் போகாதீங்க.

கழட்டுறதுக்கு மலைமேல எந்தப் பஞ்சர் கடைக்கும் போகலாம்னு நினைச்சுடாதீங்க. மலையில் பல கடையில் சின்னக் கம்ப்ரஸர், முப்பதடிக்கு மெல்லிசான ஹோஸ். கேஜில் 90 பிஎஸ்ஐ காட்டும், கன்னுக்குப் போய்ச் சேரும்போது பாதிகூட இருக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தே மெலிசு, டேங்க் நிறையவும் நேரம் எடுக்கும். கீழே ராட்சசக் கன் இறுக்கினதை மேலே அந்தக் கன்னால் எடுக்க முடியாது.

கேத்தி_கேரட் | காலை 11.30

பணிமனை அய்யா, டயர் அண்ணா, ரொம்ப நன்றி. நெருப்பு வைக்க மாட்டேன், கண்டிப்பா.

நட்டை வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாத்தேன். பொடிப்பொடியா வெள்ளையும் சிவப்புமா உதிருது. கேரட் கழுவுற மெஷினில் இருந்து ஈரத்தோட மூட்டை ஏத்துறோம், மேட்டுப்பாளையம் வரைக்கும் தண்ணி சொட்டிட்டே போகும். திரும்பும்போது பொட்டாஷ் மூட்டை. ஒரு மூட்டை கிழிஞ்சு சக்கரத்துப் பக்கம் சிந்தினது ஞாபகம் வருது. அதுதான் காரணமா?

இன்னொரு விஷயம். ஸ்பேனரை நட்டில் போட்டு ஆட்டினா லேசா ஆடுது. ஸ்பேனரில் 33னு இருக்கு. நட்டு 32 மாதிரி தெரியுது.

குன்னூர்_பட்டறை | மதியம் 12.05

தம்பி, அந்த ஸ்பேனரை இனி அந்த நட்டில் வைக்காதீங்க. 32 நட்டில் 33 போட்டா ஆறு முனையிலும் நுனியை மட்டும்தான் பிடிக்கும். அன்னிக்கு நழுவி முழங்கால் அடிபட்டதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். ஆறு பட்டை உள்ள 32 இம்பாக்ட் சாக்கெட் வாங்குங்க, கறுப்பா இருக்கும். பன்னிரண்டு பட்டை பளபளப்பு சாக்கெட் இந்த வேலைக்கு வேண்டாம்.

உரம்தான் காரணமான்னு கேட்டீங்க. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கு, உப்பு மாதிரிதான் இரும்பைத் தின்னும். உரம் ஏத்தி இறக்கின அன்னிக்கே சக்கரத்தை நல்ல தண்ணியில் அலசி விடுங்க.

இப்போ நட்டுக்கு வருவோம். வெளியே தெரியிற மரையைப் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. துரு இளக்குற ஆயில் எதுவானாலும் சரி. டபிள்யூ.டி.40 இருந்தா அடிங்க, இல்லைன்னா டீசலில் கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயில் கலந்து துணியில் நனைச்சு நட்டைச் சுத்திக் கட்டி விடுங்க. பிரேக் டிரம்முக்குள்ள ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. சாயங்காலம் ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. நடுநடுவே அரைக் கிலோ சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் சுத்திச் சுத்தித் தட்டுங்க, மரை நுனியில் அடிச்சுடாதீங்க. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும்.

நாளைக் காலையில், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஜாக்கி போடாம முயற்சி பண்ணுங்க. முதல்ல கழட்டுற பக்கம் வேண்டாம். இறுக்குற பக்கம் ஒரு தடவை லேசா அழுத்துங்க. துருவோட பிடி அங்கேதான் உடையும். அப்புறம் கழட்டுற பக்கம். கால் சுத்து வந்தா நிறுத்தி, மறுபடி எண்ணெய் விட்டு, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே. ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தா மரை கூடவே வந்துடும்.

கோத்தகிரி_ஜீப் | மதியம் 2.20

பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்காக இதையும் சொல்லிடுறேன். அப்பாவோட வில்லிஸ் ஜீப் எங்க வீட்டில் இன்னும் ஓடுது, தோட்டத்துக்கு இலை எடுக்கப் போறது அதில்தான். முதல் தடவை குஞ்சப்பனை பக்கம் தனியா பஞ்சர் ஆனப்போ, இடது பக்க நட்டை முக்கால் மணி நேரம் "கழட்டினேன்". அது இறுகிட்டே போச்சு. இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரைன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. பலாப்பழ சீசன், அந்தப் பக்கம் யானை வரும் நேரம், கண்ணில் தண்ணியே வந்துடுச்சு.

சக்கரம் ஓடுற திசையில் நட்டு தானா தளரக் கூடாதுன்னு அந்தக் காலத்தில் அப்படி வச்சாங்களாம். பழைய லாரிகளிலும் சிலதில் உண்டு. ஸ்டட் நுனியில் "எல்" எழுத்து அடிச்சிருந்தா இடது மரை. எழுத்து துருவில் மறைஞ்சிருந்தா மரையைப் பாருங்க: ஸ்டட்டை நிமிர்த்தி வச்சதா நினைச்சுப் பார்த்தா, கோடு வலப்பக்கம் ஏறிப் போனா சாதாரண மரை, இடப்பக்கம் ஏறினா இடது மரை. பைப்பைச் சொருகுறதுக்கு முன்னாடி இந்த ஒரு நிமிஷத்தைச் செலவு பண்ணுங்க.

பணிமனை_ஓய்வு | மதியம் 2.41

அம்மா சொன்னது மிக முக்கியம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

டம்டம்பாறை | மாலை 5.00

நம்ம ரூட் வத்தலக்குண்டு–கொடைக்கானல். பூண்டு, பேரிக்காய் லோடு. நட்டைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சரிவைப் பத்திச் சொல்றேன்.

மலையில் நட்டோட மல்லுக்கட்டும்போது வண்டி முழுக்க ஆடும். பைப்பில் தொங்குற ஒவ்வொரு தடவையும் வண்டியை நாமே தள்ளுறோம்னு அர்த்தம். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை. பின்பக்கம் ஜாக்கி ஏத்திட்டா அந்தப் பக்கத்துப் பிடி போச்சு. அதனால் சரிவுக்குக் கீழ்ப்பக்கமா ரெண்டு சக்கரத்துக்கு மரக்கட்டை, முக்கோணமா அறுத்து வச்சிருக்கேன். ரோட்டோரக் கல்லை நம்பாதீங்க, மழையில் உருண்டுரும். கட்டையைக் காலால் உதைச்சு உள்ளே ஏத்தி விடணும். முன் சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் ஒடிச்சு வைங்க, ஓடினாலும் சுவரில் போய் நிக்கும், பள்ளத்துக்குப் போகாது. ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை.

பைப் எந்தப் பக்கம் நீட்டணும்னு யாரும் சொல்லலை. சாதாரண மரைன்னா பைப் உங்களுக்கு இடது கைப்பக்கம், தரைக்குப் படுக்கையா இருக்கணும். அப்போ கீழே அழுத்தினா கழண்டு வரும். மேலே இழுத்துக் கழட்டப் பார்த்தா முதுகு பிடிச்சுக்கும். அதோட, சாக்கெட் வெளியே நீண்டிருந்தா அதுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியையோ கட்டையையோ முட்டுக் கொடுங்க. சாக்கெட் சாயாது, நழுவாது. நான் பைப் மேலே ஏறி நிக்கிறதை விட்டு ஏழு வருசம் ஆச்சு. அதுக்கு இந்த முட்டுதான் காரணம்.

இறக்கத்தில் வந்து நின்ன உடனே நட்டில் கை வைக்காதீங்க. டிரம் கொதிக்கும். சீக்கிரம் ஆறட்டும்னு தண்ணி ஊத்துறாங்க சில பேர், டிரம் கீறல் விட்டுரும். அரை மணி நேரம் டீ குடிச்சுட்டு வாங்க.

கூடலூர்_நைட் | இரவு 8.30

கேத்தி அண்ணனுக்கு யாரோ கொடுத்துட்டுப் போனாரே, அந்தக் கியர் ஸ்பேனர் என்கிட்ட ஆறு வருஷமா இருக்கு. கர்நாடகா லோடு ஓட்டுறேன். ராத்திரி 9 மணிக்கு பந்திப்பூரில் ரோட்டை மூடிடுவாங்க, தெப்பக்காடு தாண்டி எட்டு மணிக்கு டயர் போனா நிலைமை என்னன்னு அந்த வழியில் போனவங்களுக்குத் தெரியும். அங்கே பைப்பில் தொங்கிட்டு இருக்க முடியாது. அதனால்தான் வாங்கினேன்.

பாக்க ஒரு தடிச்ச உருளை மாதிரி இருக்கும், ஒரு முனையில் சாக்கெட், மறு முனையில் வளைஞ்ச கைப்பிடி, நடுவில் இருந்து ஒரு கால் பக்கவாட்டில் நீட்டிட்டு இருக்கும். உள்ளே சின்னச் சின்னப் பல்சக்கரம். என்னோடதில் 1-க்கு 58. அதாவது கைப்பிடியை 58 சுத்து சுத்தினா நட்டு ஒரு சுத்து. ஒரு கையால் சுத்துற பலமே நட்டில் ஆயிரம் நியூட்டன் மீட்டரைத் தொடும், உள்ளே உராய்வில் கொஞ்சம் போனாலும். பெட்டியில் 32, 33 ரெண்டு சாக்கெட்டும் வந்தது.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது அந்தக் கால். நட்டில் எவ்வளவு பலம் போகுதோ அதே பலம் அந்தக் காலில் எதிர்ப்பக்கமா வரும். அது பக்கத்து நட்டில் நல்லா முட்டி உட்கார்ந்திருக்கணும். முதல் நாலைஞ்சு சுத்தில் ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும், கால் மட்டும் மெதுவா நகர்ந்து போய் முட்டும். அந்த நேரத்தில் விரலை நடுவில் வச்சிருந்தா நசுங்கிப் போயிடும். எனக்கு ஒரு நகம் போச்சு. முட்டின பிறகு கை கனக்க ஆரம்பிக்கும், "கிர்ர்" சத்தம் வரும், அப்புறம் "டக்". அந்த டக் சத்தம் கேட்டதும் சுத்துறது லேசாயிடும். டக் வர்றதுக்கு முன்னாடி கைப்பிடியைச் சட்டுன்னு விட்டுடாதீங்க, முறுக்கிட்டு இருக்கிற பல்சக்கரம் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும்.

சுத்தி முடிக்க நேரம் எடுக்கும். இளகின பிறகு இதை எடுத்துட்டு சாதா ஸ்பேனர் போட்டுக்கணும். அப்புறம், இதை வச்சு இறுக்கவே இறுக்காதீங்க. எவ்வளவு பலம் போகுதுன்னு கைக்குத் தெரியாது, ஸ்டட் ஒடிஞ்சு கையில் வந்துடும்.

பேட்டரி கன்னும் ஒண்ணு வாங்கிப் பாத்தேன். அரை இஞ்ச். பிக்கப் வண்டிக்கு நல்லா இருக்கு. லாரி நட்டுக்குத் திணறுது, டிசம்பர் பனியில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கிடுது.

சேரம்பாடி_இலை | இரவு 8.47

நான் அஞ்சடி பைப்னு ஒரே வரியில் எழுதினது தப்பு. கூடலூர் அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு வீட்டில் கேட்டேன், இந்த மாசமே வாங்கிடலாம்னு அப்பாவும் சொல்லிட்டார்.

கேத்தி_கேரட் | வியாழன், காலை 10.15

நேத்து மூணு தடவை எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன். புது 32 சாக்கெட் ஊட்டியில் வாங்கிட்டு வந்தேன். நட்டில் போட்டா ஆட்டமே இல்லை, கையால் அழுத்தித்தான் ஏத்த வேண்டியிருந்தது. அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்தேன். பைப் நாலடி.

முதல் நட்டு: இறுக்குற பக்கம் ஒரு அழுத்து அழுத்தினேன். சுள்ளி ஒடியிற மாதிரி ஒரு சத்தம். நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டுச்சு. கழட்டுற பக்கம் திருப்பினேன், நின்ன இடத்தில் இருந்தே வந்துடுச்சு. வெறும் கை அழுத்தம்தான், என்னால் நம்பவே முடியலை.

ரெண்டாவது நட்டு: அசைஞ்சது, ஆனா கடைசி மரை வரைக்கும் கனமாவே வந்தது. கீச் கீச்னு சத்தம். குன்னூர் அண்ணன் சொன்ன மாதிரி உள்ளே வெளியே, உள்ளே வெளியேன்னு அரை மணி நேரம். நட்டு கையில் வந்தப்போ மரைக்குள்ள கம்பிச் சுருள் மாதிரி இரும்புத் துகள் ஒட்டிட்டு இருந்தது, நட்டு சுட்டது. ஸ்டட் பாக்க நல்லாத்தான் இருக்கு. பிரஷ் போட்டுட்டு அதே ஸ்டட்டில் புது நட்டு போட்டு ஓட்டலாமா?

குன்னூர்_பட்டறை | காலை 10.50

புது நட்டை விரலால் மட்டும் ஏத்திப் பாருங்க, ஸ்பேனர் வேண்டாம். எங்கே நிக்குதுன்னு சொல்லுங்க.

கேத்தி_கேரட் | காலை 11.20

முதல் ஸ்டட்டில் அடி வரைக்கும் சுலபமா போகுது. ரெண்டாவதில் பாதியில் நின்னுடுது.

பணிமனை_ஓய்வு | காலை 11.34

அந்த ஸ்டட் நீண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. மரைக்கு மரை இருக்கும் இடைவெளி மாறிவிட்டதால்தான் புது நட்டு நடுவில் நிற்கிறது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஒரு ஸ்டட் கெட்டால் அதன் சுமையை இரண்டு பக்கத்து ஸ்டட்டும் சுமந்திருக்கும். ஆகையால் அந்த இரண்டையும் சேர்த்து மூன்றாக மாற்றுங்கள். ஒரே சக்கரத்தில் இரண்டு கெட்டிருந்தால் மொத்தத்தையும் மாற்றிவிட வேண்டும். பின் இடது சக்கரத்தில் அன்று இரவு கியர் ஸ்பேனரில் எடுத்த இரண்டையும் இதே விரல் சோதனை செய்யுங்கள்.

ஊட்டி_வெல்டர் | மதியம் 1.10

நான்தான் கேஸ் வைக்கச் சொன்னவன். குன்னூர் அண்ணன் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் சூடு காட்டின நட்டெல்லாம் பட்டறையில், சக்கரம் கழட்டி வச்ச ஹப்பில். அந்த வித்தியாசத்தைச் சொல்லாம எழுதிட்டேன். யாராவது அதைப் படிச்சுட்டு ரோட்டோரத்தில் கேஸ் டார்ச்சை எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா தூக்கம் வரலை. தம்பி, மன்னிச்சுக்குங்க.

கேத்தி_கேரட் | மதியம் 1.30

அண்ணா, நீங்க உதவி பண்ணணும்னுதானே எழுதினீங்க. திரும்பி வந்து சொன்னதே பெரிசு.

எல்லாருக்கும் கடைசியா ஒரு கேள்வி. புது ஸ்டட்டுக்கு கிரீஸ் தடவலாமா? தடவினா அடுத்த தடவை சுலபமா வருமே.

மேட்டுப்பாளையம்_டயர் | மதியம் 2.00

கிரீஸ் வேண்டாம். மரை வழுக்கினா அதே டார்க்கில் ஸ்டட் இன்னும் அதிகமா இழுபடும். இப்போ மாத்தின ஸ்டட் மாதிரியே ஆகும்.

பணிமனை_ஓய்வு | மதியம் 2.25

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. நட்டின் அடி உருண்டையாகவோ கூம்பாகவோ இருந்து ரிம் ஓட்டையில் போய் உட்காரும் வகைக்கு எண்ணெயே கூடாது, உலர்வாகத்தான் மாட்ட வேண்டும். நட்டோடு சேர்ந்து தனியாகச் சுழலும் தட்டை வாஷர் இருந்தால், அது ஹப்பின் மேல் ரிம் உட்காரும் வகை. அதற்கு ஸ்டட் நுனி மரையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில், நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் இரண்டு சொட்டு. அவ்வளவுதான். ரிம்மும் டிரம்மும் ஒட்டும் முகத்தில் எண்ணெயும் கூடாது, பெயிண்டும் கூடாது. பெயிண்ட் நாளடைவில் தேய்ந்து நட்டு தளர்ந்துவிடும். ரிம் ஹப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஹப்பில் ரிம் தாங்கும் மேட்டில் மட்டும் துணியால் மெல்லிசாகக் கிரீஸ் தடவலாம்.

நட்டுகளை எதிரெதிராக, குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். சக்கரம் சூடாக இருக்கும்போது டார்க் வைக்காதீர்கள். 80 முதல் 160 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி டார்க் பாருங்கள். புதிதாக உட்கார்ந்த நட்டு கொஞ்சம் இளகும்.

கேத்தி_கேரட் | திங்கள், இரவு 9.05

வேலை முடிஞ்சது. முன் வலது சக்கரத்தில் மூணு ஸ்டட் மாத்தியாச்சு. பின் இடதுலயும் அன்னிக்கு எடுத்த ரெண்டில் புது நட்டு பாதியிலேயே நின்னுச்சு, ரெண்டுமே நீண்டிருக்கு. அய்யா சொன்னபடி அந்தச் சக்கரத்தில் எட்டையும் மாத்திட்டேன். என் வண்டிக்கு வாஷர் நட்டு வகைதான், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். குன்னூர் அண்ணன் அவர் பட்டறை டார்க் ரென்ச்சைக் கொடுத்து, பக்கத்தில் நின்னு கத்துக் கொடுத்தார். காசு வாங்கலை.

சனிக்கிழமை மேட்டுப்பாளையம் போய் வந்தேன், போக வர 90 கி.மீ. பக்கம். ஞாயிறு காலையில் வண்டி நல்லா ஆறின பிறகு மறுபடி ரென்ச் வச்சேன். பதினாறில் மூணு நட்டு லேசா நகர்ந்துச்சு, மத்ததெல்லாம் அப்படியே க்ளிக் ஆச்சு. ஒவ்வொரு நட்டிலும் ரிம்மிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், கோடு விலகினா தம்பிக்கே தெரிஞ்சிடும். தெரிஞ்ச கடையில் சொல்லி கியர் ஸ்பேனர் ஒண்ணு வாங்கி, கோணியில் சுத்தி சீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். டம்டம்பாறை அண்ணன் சொன்ன முக்கோணக் கட்டை நாலு அறுத்தாச்சு.

குன்னூர்_பட்டறை | இரவு 9.20

ரென்ச் வாங்க வசதி இல்லாத டிரைவர்கள் யாரா இருந்தாலும் ஞாயிறு காலையில் பட்டறைக்கு வரலாம். வண்டியை முந்தின நாள் ராத்திரியே கொண்டுவந்து நிறுத்திடுங்க, சக்கரம் ஆறியிருக்கணும்.

கோத்தகிரி_ஜீப் | இரவு 9.31

ஜீப்புக்கும் பாக்கலாமா அண்ணா? சனிக்கிழமை சாயங்காலமே கொண்டுவந்து விட்டுடுறேன். இடது பக்கம் இடது மரை, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.